புற்றைச் சாட்சி வைத்த குழி

அக்கா,

இன்று மதியம் வேலையாட்கள் கொட்டகைப் பக்கமிருந்து குச்சிக்கிழங்கு வேகும் வாசனை வந்தது. வாய்க்கால் வெட்ட வந்திருக்கும் பெண்கள் மூன்று கல்லைக் கூட்டி, உப்பும் மிளகாயும் தட்டிப் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தகரக் கூரைக்குக் கீழே வரைபடத்தை விரித்து ஒரு குறுக்குவெட்டின் பரப்பைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் கூட்டல் தப்பியது. மறுபடி கூட்டினேன், மறுபடியும் தப்பியது. பென்சிலைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கடிதம் எழுத வராது. ரிப்போர்ட் எழுத வரும். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. இப்போது நீங்களும் இல்லை. பிழை பார்க்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் ராசிபுரம் பஸ்ஸில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சோடு பேச்சாக உங்களைக் கேட்டேன். “அவிங்க போயி வருசம் ஒண்ணாச்சுங்களே. மஞ்சக்காமாலைங்க. பத்தே நாள்ல முடிஞ்சு போச்சு” என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. அங்கே நின்று என்ன செய்வதென்று தெரியாமல், வந்த லாரியில் ஏறி மறுபடி அதே ரோட்டில் போனேன்.

கொல்லிமலையில் ஒரு குட்டைக்குக் கரை போடும் இடத்தில் உங்களை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்தொரு வயது. டிப்ளமா வாங்கி ஆறு மாதம். கான்ட்ராக்டரிடம் தற்காலிக ஓவர்சீயர். செம்மேட்டிலிருந்து நடந்து வந்து, பூட்ஸில் ஒட்டிய சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தலையில் சும்மாடும் அதன்மேல் மண்கூடையுமாக நின்றபடியே, “ஏனுங் தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள என்னங்க இருக்குது?” என்று கேட்டீர்கள். லெவல் கருவியைத் திறந்து முக்காலியில் பூட்டியதும் கூடையை இறக்கிவிட்டு வந்து கண்ணை வைத்தீர்கள்.

“இதுல பாத்தா எங்க கூலி பெருசாத் தெரியுங்களா, சாமி?”

“இதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்” என்றேன். உண்மைதான். அந்தக் காலத்துக் கருவி அப்படி.

“அட, ஆமாங்! மேஸ்திரி தலைகீழா நிக்கறாரு. இப்பிடியே இருந்தா நல்லாத்தான் இருக்குது” என்றீர்கள். கரை முழுக்கச் சிரித்தது. மேஸ்திரி அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

அங்கே வேலை ஜோடிக் கணக்கு. புருஷன் குழியில் வெட்டுவான், பெண்டாட்டி கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். கூலி, வெட்டிய குழியின் கன அளவுக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் அளப்பேன். குழி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிவதற்காக, நடுவில் ஒரு மண்தூணை வெட்டாமல் விட்டு வைக்க வேண்டும். அதன் தலையில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். அதற்குச் சாட்சி என்று பெயர். அளந்து எழுதிய பிறகு சாட்சியையும் வெட்டி எடுத்துவிடலாம். உங்கள் சாட்சியின் தலைப் புல் வாடாமல் இருக்க நீங்கள் தினமும் கை கழுவிய தண்ணீரை அதன்மேல் தெளிப்பீர்கள். “சாட்சி உசுரோட இருக்கோணுமில்லீங்க” என்பீர்கள். அளவுக்கு அது தேவையில்லை என்று நான் இரண்டு முறை சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை.

கரைக்குக் கிழக்கே, மலையிலேயே இருக்கும் பெரக்கரை நாட்டுக்காரர் பொன்னனின் குழி. சொந்தமாக நிலம் உள்ளவர். சாமை விதைப்புக்கு முன் இரண்டு காசு பார்க்கலாமென்று பெண்டாட்டியோடு வந்தவர். அவர் குழிக்கு நடுவில் ஒரு புற்று. அதில் மண்வெட்டி வைக்க மாட்டேனென்றுவிட்டார். புற்றைச் சுற்றி ஒரு முழம் விட்டு மிச்சத்தையெல்லாம் வெட்டிவிட்டு, “இதுதாங்க என் சாட்சி” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாட்சியை மேடான இடத்தில் விட்டு ஆழத்தைக் கூட்டிக் காட்டுகிற தந்திரத்தைப் பாலிடெக்னிக்கிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். “புத்தெல்லாம் சாட்சி ஆகாது. இடிச்சுட்டு வேற விடுங்க.”

“சாட்சின்னா அசையாம நிக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இது எங்க தாத்தன் காலத்துல இருந்து நிக்குதுங்க.”

“இதோட உச்சியில இருந்து அளந்தா ஒரு ஆள் உயரம் கூட வரும்.”

“உச்சியில இருந்து எதுக்குங்க அளக்கறீங்க? கால்ல இருந்து அளங்க.”

அந்த ஆள் சொன்னது சரி. புற்றின் காலைச் சுற்றிப் பழைய புல் வேரோடு நின்றது. அதுதான் பழைய தரை. அதைத் தெரிந்துகொள்ள டிப்ளமா தேவையில்லை. ஆனால் எனக்கு நேரமில்லை. எப்போதும் எனக்கு நேரமில்லை. நோட்டை எடுத்து, ‘பொன்னன் குழி: புற்று. சாட்சியாக ஏற்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் கூடையோடு மேலே ஏறிக்கொண்டே, “பாம்பு வந்து கையெழுத்துப் போட்டா ஏத்துக்குவீங்களா, தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள்.

அதற்குள் கரை வளர்ந்திருந்தது. தை மாதத்தில் முழங்கால் உயரம், சித்திரையில் இரண்டு ஆள் உயரம். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், தூக்குப்போசி மூடியில் எனக்கு இரண்டு துண்டு கிழங்கு வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டீர்கள்: “முன்னெல்லாம் இந்த அளவு குழி மூணு நாள்ல முடியுமுங்க. இப்ப அஞ்சு நாளாவுது. மண்ணு அதே மண்ணு. மேடுதான் வளந்து போச்சு. உங்க பொஸ்தகத்துல மேடு ஏறுறதுக்குன்னு ஒண்ணுமே எழுதலீங்களா?”

“எழுதியிருக்கு” என்றேன், கிழங்கை மென்றுகொண்டே. “அஞ்சடிக்கு மேல போனா ஒவ்வொரு அஞ்சடிக்கும் கூடுதல் ரேட் உண்டு. கான்ட்ராக்டருக்கு அது வருது. உங்களுக்கு வர்றதில்ல.”

ஒரு கணக்கைத் திருத்துகிறவன் போலச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உங்கள் கை நின்றிருந்ததைப் பார்த்தேன். கிழங்குத் துண்டு பாதி வாய்க்கு வந்து நின்றிருந்தது. “அத இத்தன நாளு வெச்சுட்டா உக்காந்திருந்தீங்க?” என்றீர்கள். நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

மறுநாள் மதியம் எல்லோரும் குழிக்குள்ளேயே நிழல் பக்கமாக உட்கார்ந்து பேசினீர்கள். மேஸ்திரி செம்மேட்டுக்குப் போயிருந்தார். மேலே விளிம்பில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“கீழ போயி என்னத்தத் திங்கறது? கல்லக்கொடி புடுங்கி முடிஞ்சு போச்சு. மழ வாரவரைக்கும் காத்தத்தான் குடிக்கோணும்” என்றாள், அடிவாரத்தில் நிலக்கடலை பிடுங்கிவிட்டு வந்த ஒருத்தி.

“இங்க மட்டும் என்னத்தத் திங்கறோம்? திங்கற சோறு ஏறி எறங்கறதுக்கே செரியாப் போவுது” என்றீர்கள் நீங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். “போறதுன்னா எல்லாரும் போவோணும். பாதி போயிப் பாதி நின்னா, போனவனுக்கும் மண்ணு, நின்னவனுக்கும் மண்ணு.”

“இதென்ன மாமியா ஊடா, கோவிச்சுட்டுப் போயி நாலாம் நாளு தலையச் சொறிஞ்சுட்டுத் திரும்பி வாரதுக்கு?” என்று ஒரு கிழவி கேட்டாள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

பொன்னன் கடைசியாகச் சொன்னார்: “எங்களுக்கு வெதப்பு வருதுங்க. நாங்க போனாலும் போவோம், நின்னாலும் நிப்போம். நீங்க சொல்றபடி. ஆனா ஒரு சொல்லு சொல்லிட்டா, அப்பறம் மாத்தப்படாதுங்க.”

பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே மேலிருந்து கத்தினேன்: “இதுல ரோசிக்க என்ன இருக்குது? மழைக்குள்ள கரை முடியலைன்னா கான்ட்ராக்டருக்குத்தான் நஷ்டம். நாளைக்கே நிறுத்துங்க. ரெண்டு நாள்ல எறங்கி வருவாரு.”

நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். “அளந்துட்டு நிறுத்தறதுங்களா, அளக்காம நிறுத்தறதுங்களா?”

“அளவுக்கு இன்னும் நாலு நாள் இருக்குது. அதுவரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு? சாட்சி நிக்குதில்ல? மண்ணு எங்க ஓடிப் போகுது?”

அக்கா, இந்த இடத்தைத்தான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நாலு நாள். நீங்கள் கேட்ட கேள்விதான் அந்தக் குழியில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி. பதில் சொன்னவனுக்கோ அவசரம். நாலு நாள் பொறுத்து, நான் அளந்து எழுதிவிட்டு, அதன் பிறகு நிறுத்தியிருந்தால் உங்கள் கையில் பதினைந்து நாள் கூலி இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து நாள் முறைத்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

மறுநாள் காலையில் கரைமேல் வரிசையாகக் கூடைகளைக் கவிழ்த்து வைத்தீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோழி அடைக்கும் பஞ்சாரங்களை வரிசையாக வைத்ததுபோல இருந்தது. பெண்கள் எல்லோரும் கரைச்சரிவில் கால் நீட்டி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் மண்ணை இடித்து இறுக்கும் திமிசுச் சத்தம் இல்லை. நான் அன்று ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் சொன்னது நடக்கிறது என்ற சந்தோஷம்.

அடுத்த நாள் விடிந்து வந்து பார்த்தால் குழிகளில் ஒரு சாட்சிகூட இல்லை. எல்லாத் தூண்களையும் அடியோடு வெட்டி மண்ணை இறைத்திருந்தார்கள். குழிகளுக்கு இடையே இருந்த வரப்பையும் விடவில்லை. ஒரே பள்ளம். குழிகள் இருந்த அடித்தரை மட்டும்தான் சமம், சுற்று ஓரமெல்லாம் சரிவு. ஓரத்தைப் பார்த்து நடுவில் எவ்வளவு மண் இருந்தது என்று யாரும் சாதிக்க முடியாது. அந்தப் பள்ளத்தின் கிழக்குக் கோடியில் பொன்னனின் புற்று மட்டும் தனியாக நின்றது. மேஸ்திரி யாரைக் கூட்டி வந்து வெட்ட வைத்தாரோ, அவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். புற்றில் மண்வெட்டி வைக்க அவர்களுக்கும் கை வரவில்லை.

மதியம் கான்ட்ராக்டரின் ஜீப் வந்தது. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. “என்ன அம்மிணி, கூடையெல்லாம் கவுந்து கெடக்குது?” என்று உங்களிடம்தான் கேட்டார். நீங்கள் மேடு ஏறுவதற்கான கூலியைச் சொன்னீர்கள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார்.

“செரி, அது அப்பறம். பத்துப் பதினோரு நாள் வேலைங்கறீங்களே, சாட்சி எங்க? சாட்சியில்லாம நான் எதைன்னு அளந்து குடுக்கறது? இன்னிக்கே கூடைய நிமித்துங்க, பாத்துப் போட்டுக் குடுக்கறேன். பழைய ரேட்டுத்தான். வாண்டாம்னா உங்க இஷ்டம்.”

“அங்க ஒண்ணு நிக்குதுங்களே” என்றீர்கள். “அதோட கால்ல இருந்து அந்தப் பொட்டிய வெச்சுப் பாத்தா மத்த குழியும் தெரிஞ்சு போவுமுங்களே. தம்பிக்கு அது தெரியும்.”

எனக்குத் தெரியும். ஒரு மணி நேர வேலை. கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார்.

“என்ன ஓவர்சீயர், புத்து சாட்சி ஆகுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் எதற்கும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவன் என்று எனக்கு அங்கே பேர். நான் சொன்னேன்: “ஏத்துக்கலைன்னு நோட்டுல எழுதியிருக்கேன்.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. நோட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. அந்த மாதக் கடைசியில் என் தற்காலிக வேலையை நீட்டுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய இருந்தார். என் தலைக்குள் அப்போது ஓடியது அது ஒன்றுதான்.

நீங்கள் கோபப்படவில்லை. “எழுதுனது செரி, தம்பி. இப்ப நாங்க கேக்கறது உங்க நோட்ட இல்லீங்க, உங்க வாய” என்றீர்கள்.

“பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

அதன் பிறகு நடந்ததற்கு நேரம் பிடிக்கவில்லை. கல்லக்கொடியைப் பற்றிப் பேசியவள் முதலில் எழுந்து போய்த் தன் கூடையை நிமிர்த்தினாள். அவளுக்குக் கைக்குழந்தையையும் சேர்த்து நாலு பிள்ளைகள். அவளைத் தொடர்ந்து கிழவி, அப்புறம் ஒவ்வொருவராக. நீங்கள் யாரையும் தடுக்கவில்லை. “நில்லுங்கடி, நில்லுங்க. என்னோட கூடையையும் எடுத்துக்குங்க, அதுக்கு அடி இன்னும் கெட்டியா இருக்குது” என்று மட்டும் சொன்னீர்கள். சும்மாட்டை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, போசியைக் கையில் எடுத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டார். கூட இன்னும் மூன்று ஜோடிகள். பொன்னன் சொன்ன சொல்லுக்காக அவரும் பெண்டாட்டியும் எழுந்து தங்கள் ஊர்ப் பாதையில் நடந்தார்கள். நீங்கள் அடிவாரத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போனீர்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கணக்கு முடிந்திருக்கும்.

மறுநாள் காலை நான் கருவியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினேன். புற்றின் காலில் ஸ்டாஃப் என்கிற அளவுக்கம்பை நிறுத்தி எல்லாக் குழிகளுக்கும் ஆழம் எடுத்தேன். உங்கள் குழி, இடுப்புக்கு மேல் ஒரு சாண் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, இரண்டு அங்குலம்கூட வித்தியாசமில்லை. தாளில் எழுதிக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். “நீ படிச்சவன், செரியாத்தான் இருக்கும். வேலையில இருக்கறவங்களுக்கு இதுப்படியே குடுத்துர்றேன். போனவங்க போனவங்கதான்” என்றார். அப்படியே செய்தார். கூடையை நிமிர்த்தியவர்களுக்கு முழு அளவுக்கும் கூலி கிடைத்தது. ஒரு நாள் முன்னால் வாயைத் திறந்திருந்தால் உங்களுக்கும் கிடைத்திருக்கும். மேடு ஏறியதற்கு யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் என் வேலையை நீட்டினார்கள். மூன்று மாதம் கழித்து நானே விட்டேன். உங்களுக்காக விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் பொய். சம்பளம் பத்தவில்லை, வேறு இடத்தில் கூட்டிக் கொடுத்தார்கள், போனேன். கூலி குறைவென்று வேலையை விட எனக்கு ஒரு வெள்ளைத் தாள் போதுமாக இருந்தது. யாரும் என்னிடம் சாட்சி கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். “தம்பீ! பூட்சு மாத்திட்டாப்பல இருக்குது!” கல் ஏற்றும் லாரிகளில் வேலை என்றீர்கள். கையில் இரண்டு விரலில் கட்டு. வீட்டுக்காரர் சௌக்கியம் என்றீர்கள். நான் அந்த நாளைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். நீங்கள் அதற்குள், “இப்ப எத்தனைங்க குடுக்கறாங்க உங்களுக்கு?” என்று கேட்டீர்கள். சொன்னேன்.

“கொறச்சலுங்க. படிச்ச பையனுக்கு இது கொறச்சல். கேளுங்க.”

“கேட்டா கூட்டிருவாங்களா, அக்கா?”

“கேக்காட்டி கூட்ட மாட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சேலம் பஸ் கிளம்பியது. ஓடிப் போய் ஏறிக்கொண்டேன். அடுத்த பஸ் அரை மணியில் இருந்தது. நான் நின்றிருக்கலாம். இப்போது எழுதுகிற எல்லாவற்றையும் அந்த அரை மணியில் சொல்லி முடித்திருக்கலாம். எனக்குத்தான் எப்போதும் நேரமில்லையே.

இப்போது அடி போய் மீட்டர் வந்துவிட்டது. அஞ்சடி என்று சொன்னால் மேலதிகாரி திருத்துகிறார். மண்ணுக்கும் கூடைக்கும் ஒன்றும் மாறவில்லை. எந்த வேலையிடத்துக்குப் போனாலும் முதல் நாள் ஆட்கள் கூடியதும் நான் முதலில் செய்கிற காரியம் ஒன்று. எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு உயரத்துக்கு, என்ன ரேட் என்று சத்தமாகப் படித்துவிடுவேன். நிறுத்துவதானால் அளவு முடிந்த மறுநாள் நிறுத்துங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக ஒரு இடத்தில் வேலை போயிற்று. பெரிய தியாகமெல்லாம் இல்லை, பதினொரு நாளில் வேறு வேலை கிடைத்தது.

இங்கேயும் படித்தேன். நேற்று அளவு முடிந்தது. இன்று காலை இந்த வாய்க்காலில் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. போவதா நிற்பதா என்று கொட்டகையில் இந்த நிமிஷமும் பேச்சு நடக்கிறது. ஒருத்தியின் குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. என்ன முடிவு செய்வார்களோ தெரியாது. இந்தத் தடவை நான் விளிம்பில் நின்று கத்தவில்லை. உள்ளே உட்கார முடியாமல் நாலு தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தின் பாதியில் கான்ட்ராக்டரின் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினான். கதவில் சாய்ந்துகொண்டு, “ஓவர்சீயர், மேடு ஏறுறதுக்குத் தனிக் கூலி உண்டுன்னு இவங்களுக்குச் சொன்னது நீங்களா?” என்று கேட்டான். கொட்டகைப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது.

ஆமாம் என்றேன்.

ஆனால் உடனே சொல்லவில்லை, அக்கா. எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.